டேப் ஒட்டிய சுவிட்ச்

குத்துக்கல்வலசையில் இருக்கும் பாஹிமா தமிழ் படித்தவள். துபாயில் வளரும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு நெட் வழியாக அ, ஆ சொல்லித்தரத் துணிந்துவிட்டாள். அன்று மதியம் முதல் வகுப்பு. மோடம் இருப்பதோ ஆள் நடமாடும் ஹாலில். மாடிக்கு வைஃபை வேண்டுமென்று கேபிள்காரனான என்னைக் கூப்பிட்டாள்.

மோடத்திலிருந்து அவள் லேப்டாப்புக்குப் போன வயரைப் பிடுங்கி, புது ரவுட்டரில் சொருகினேன். விளக்கு எரிந்தது. நெட் வரவில்லை.

"மோடம் இன்னும் லேப்டாப்பையே நெனச்சிட்டு இருக்கு. பழைய சிநேகம்லா! அணைச்சுப் போட்டாத்தான் மறக்கும்," என்றேன்.

மோடத்தின் சுவிட்சை யாரும் அணைக்காதபடி டேப் ஒட்டியிருந்தது. பாஹிமா அதில் கை வைத்ததும் அவள் மாமியார் சைதூன் பீவி ஓடிவந்தார்.

"ஏட்டி, அதத் தொடாத! துபாய்லருந்து எம்மவன் நெட்டுல எந்நேரமும் கூப்பிடுவான்."

"கரண்டு போனா என்ன செய்வீக?" என்றேன்.

"அதுக்குத்தான் இன்வெர்ட்டர் வச்சிருக்கோம்."

"மாமி, அவுக இப்ப வேலையில இருக்காக. எனக்குப் பிள்ளைக காத்துக்கிட்டு இருக்கும்," என்று பாஹிமா டேப்பை உரித்து அணைத்தாள். சற்றுப் பொறுத்து மறுபடி போட்டாள்.

நெட் வந்தது. அவள் மாடிக்கு ஓடினாள். கொஞ்ச நேரத்தில் பல குரல்கள் சேர்ந்து "அ" என்றன.

"இத்தனை பிள்ளைகளா!" என்று சைதூன் பீவி படியேறினார்.