விசா முடியும் மாதம்

பாலகணேஷ் அடிப்பதை நிறுத்திய பிறகுதான் தவமலருக்குப் பயம் வந்தது.

வவுனியாக்காரி அவள். குவைத்தில் வீட்டுவேலை பார்த்தபோது, அங்கே வண்டி ஓட்டிய கயத்தாற்றுக்காரன் பாலகணேஷை விரும்பி, அவன் ஊருக்கே வந்து கல்யாணம் செய்துகொண்டாள். மகள் கனிஷ்கா கயத்தாற்றில் பிறந்தாள். தவமலர் மட்டும் இலங்கைப் பிரஜையாகவே இருந்தாள். விசாவை நீட்டிக்க ஒவ்வொரு முறையும் கணவன் உடன் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

குடித்தால் அடிப்பான். குடிக்காமலும் அடிப்பான். போன மாசியில் அவள் கை ஒடிந்தது. மாடிப்படியில் விழுந்துவிட்டாள் என்று ஆஸ்பத்திரியில் அவனே சொன்னான். அதற்குப் பிறகு அவன் விரல்கூட அவள் மேல் படவில்லை. பீரோவிலிருந்த அவளுடைய பாஸ்போர்ட்டைக் காணோம். தன் அக்காள் சுடலைச்செல்வியைக் கூட்டிவந்து வீட்டோடு வைத்துக்கொண்டான்.

"ஏட்டி, இவியளை அம்மான்னு கூப்பிடு" என்று மகளைப் பழக்கினான்.

விசா முடியப்போவதைத் தவமலர் நினைவூட்டியபோது, சோற்றைப் பிசைந்தபடியே, "முடியட்டும்" என்றான்.

முடிந்தது. சில வாரங்களில் போலீஸ்காரர்கள் வந்து, நாட்டை விட்டு வெளியேறும்படியான உத்தரவை நீட்டினார்கள். பிள்ளை இந்தியப் பிரஜை, அது இங்கேதான் இருக்கும் என்றார்கள். பாலகணேஷ் அவர்களுக்கு மோர் கொடுத்து உபசரித்தான்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு என்று சொல்லி, மகளோடு கோவில்பட்டி பஸ் ஏறினாள். கோர்ட்டில் இலவச சட்ட உதவி மையம் இருப்பதைக் கைக்கட்டுப் பிரித்த நர்ஸ் அவள் காதோடு சொல்லியிருந்தாள். அங்கே வக்கீல் ஜெயகுமாரி பொறுமையாகக் கேட்டார்.

"கை ஒடிஞ்சது எப்படின்னு அப்பவே யார்கிட்டயும் சொன்னியாம்மா?"

"நர்ஸிட்ட மட்டும்தான் சொன்னன். வெளிய சொன்னா என்னை அனுப்பிப்போடுவார் எண்டு பயம்."

"சொல்லாட்டியும் அனுப்பத்தான பாக்கான். வீட்டுக் கொடுமைக்கு இங்கன மனு போடுதேன். வெளியேத்துற உத்தரவுக்கு மதுரை ஹைகோர்ட்ல தடை கேக்கணும். கெடைக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

"பிள்ளையை விட்டுட்டு நான் போகமாட்டன் அக்கா."

நர்ஸ் எழுதிக் கொடுத்த வாக்குமூலம் உதவியது. மதுரையில் தடை கிடைத்தது, இடைக்காலத் தடைதான். பாஸ்போர்ட்டைக் கொடு என்று கோர்ட் கேட்டதற்கு, தொலைந்துபோய்விட்டது என்றான் பாலகணேஷ். வெளியே வந்ததும் அவள் பக்கத்தில் நின்று, சத்தம் போடாமல் கேட்டான்.

"எத்தனை நாளைக்குட்டி?"

இப்போது ஜெயகுமாரி பார்த்துக்கொடுத்த ஒற்றை அறையில் தாயும் மகளும் இருக்கிறார்கள். வழக்கு வாய்தா வாய்தாவாகப் போகிறது. தடைக்கு நிபந்தனையாக, வாரம் தவறாமல் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்த் தவமலர் கையெழுத்துப் போட வேண்டும். அன்றைக்கு மட்டும் கனிஷ்காவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதில்லை. தன்னோடு கூட்டிப்போய், ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டுதான் மறுகையால் கையெழுத்துப் போடுகிறாள்.