வன்னி மரத்தடியில் ஊற்றுப் பறித்தோம்

என் வீட்டுக்காரருக்கு ஸ்கூட்டர் வந்த அன்று நாமக்கல்லில் எங்கள் தெருவே வாசலில் கூடிவிட்டது. பேரைப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கிய வண்டி. பிள்ளை பிறந்திருந்தால்கூட இத்தனை கூட்டம் வந்திருக்காது என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. எங்களுக்கு அப்போது பிள்ளை இல்லை. சொன்னவளை ஒரு முறை முறைத்துவிட்டு வண்டிக்குக் குங்குமம் வைத்தேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. அவர் லாரி உதிரிபாகக் கடை வைத்திருந்தார். வடக்கே லோடு ஏற்றிப் போய்வரும் டிரைவர்கள் கடையில் உட்கார்ந்து ராஜஸ்தான் கதைகளை அளப்பார்கள். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் மணல், காற்றடித்தால் ரோடே காணாமல் போய்விடும் என்பார்கள். இவர் கேட்டவனுக்குப் பேரிங் எடுத்துக் கொடுக்க மறந்து வாயைப் பிளந்து நிற்பார். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தால் எனக்கும் அதே கதைதான்.

"ஒருக்கா கண்ணுல பாத்துப்போடோணும் புள்ள" என்பார்.

"பாருங்க, யார் வேண்டாங்கறது? என்னையும் கூட்டிட்டுப் போங்க" என்பேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்.

சேலத்தில் ஸ்கூட்டர் வைத்திருந்த சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து மேட்டூர், ஏற்காடு என்று போய்வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் ஒரு கட்டட கான்டிராக்டர். கத்தோலிக்கர், ஆறடி உயரம், காலைப் பூசை முடிந்து கோயிலில் இருந்து நேராக வண்டியில் ஏறுகிறவர். அவர்கள் பாலைவனம்வரை போகத் திட்டம் போட்டபோது இவரும் சேர்ந்துகொண்டார். நானும் வருகிறேன் என்று சொன்னதும், என்னைத் தடுப்பதற்காகத் தலைவரே சேலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

அவருக்குக் காபி கொடுத்து உட்காரவைத்தேன். ரோடு மோசம், சாப்பாடு சரியிருக்காது, பெண்பிள்ளைக்கு ஒதுங்க இடம் இருக்காது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாவற்றுக்கும் சரிங்க, சரிங்க என்று தலையாட்டிவிட்டு, "எப்பங்ணா கெளம்பறோம்?" என்று கேட்டேன். மனிதர் சிரித்துவிட்டார். ஆனால் போகும்போது ஒரு நிபந்தனை போட்டார்.

"ஏம்மா, உங்க ரெண்டு பேர்ல யார் ஒருத்தர் உடம்புக்கு முடியாம படுத்தாலும் சரி, பக்கத்து ஸ்டேஷன்ல ரெண்டு பேரையும் ரயில் ஏத்தி விட்ருவேன். அப்புறம் கோவிச்சுக்கக் கூடாது."

நான் படுக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும். இவரும் படுக்கிற ஆள் இல்லை என்றுதான் நினைத்தேன்.

மாசி முடிகிற சமயத்தில் ஐந்து ஸ்கூட்டர்கள் சேலத்தில் இருந்து ஓமலூர் ரோட்டில் கிளம்பின. தலைவர், சேலத்துப் பல் டாக்டர், ஓமலூர் வெல்ல மண்டிக்காரர், ஜலகண்டாபுரம் ஜவுளிக்காரர், கடைசியில் நாங்கள். தலைவர் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். மண்டிக்காரர் எல்லா வண்டிக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார், தலைவர் வண்டிக்கும் சேர்த்து. தலைவர் அதை நசுக்கிக்கொண்டுதான் கிளம்பினார். எதிலும் குறை வைக்க வேண்டாம் என்றார்.

வழியெல்லாம் சொன்னால் இது முடியாது. தொப்பூர் மேட்டில் மூச்சு வாங்கிய வண்டிகள், பெங்களூர் தாண்டியதும் மாறிப்போன சாம்பார், பம்பாய் நெரிசலில் நான் கண்ணை மூடிக்கொண்டு வந்தது எல்லாம் இருக்கிறது. ஒரு பக்கமாக உட்கார்ந்து, முந்தானையை இடுப்பில் செருகி, ஒரு கையால் ஸ்டெப்னி சக்கரத்தைப் பிடித்துக்கொண்டே நான் பாதி இந்தியாவைப் பார்த்தேன். இறங்கினால் இடுப்பு என்னுடையதாக இருக்காது. ஆனாலும் அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன்னால் இருந்ததில்லை. மாமியார், நாத்தனார், விசேஷம் உண்டா என்று கேட்கும் பக்கத்து வீட்டுக்காரி எல்லாரும் முதுகுக்குப் பின்னால் எங்கேயோ இருந்தார்கள்.

வெயிலைப் பற்றி எங்களில் ஒருவருக்கும் கவலை இல்லை. சேலத்து ஆட்களிடம் வந்து வெயிலா என்று பேசிக்கொண்டோம். ஜோத்பூரில் டீக்கடைக்காரர் ஒருவர், இதற்கு மேல் பகலில் போகாதீர்கள் என்று சைகையில் சொன்னார். நாங்கள் அவருக்கு வறுத்த நிலக்கடலை கொடுத்துவிட்டுப் பகலிலேயே கிளம்பினோம்.

அதற்கு முந்தின நாளே இவருக்குக் காய்ச்சல் தொடங்கியிருக்கிறது. என்னிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் ரயில் ஏற்றிவிடுவார்களே! முதுகில் சாய்ந்தபோது சட்டை கொதித்தது. வெயிலின் சூடு என்று நினைத்துக்கொண்டேன்.

ஜோத்பூரை விட்டு வெகுதூரம் வந்த பிறகு மணல் ரோட்டின்மேல் ஏறிக் கிடந்த ஓரிடத்தில் தலைவர் வண்டி சறுக்கி விழுந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்னால் கட்டியிருந்த தண்ணீர் டின் வாய்விட்டுப் பிளந்துவிட்டது. நாங்கள் ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் மணல் தண்ணீர் முழுவதையும் குடித்துவிட்டது. மற்றவர்களின் குடுவைகளில் இருந்த மிச்சத்தைப் பகிர்ந்து நாக்கை நனைத்துக்கொண்டு கிளம்பினோம். கொஞ்ச தூரம்கூடப் போயிருக்க மாட்டோம். இவர் வண்டியை மெதுவாக ஓரம் கட்டினார், ஸ்டாண்டு போட்டார், ஒழுங்காக எஞ்சினை அணைத்தார், அப்படியே சரிந்துவிட்டார்.

அங்கே ஒரே ஒரு மரம் நின்றது. கிட்டே போய் இலையைப் பார்த்ததும் தெரிந்தது, வன்னி மரம். எங்கள் பக்கம் கோயிலில் சுற்றிவந்து கும்பிடுகிற மரம் இங்கே கேட்பாரற்று நிற்கிறதே என்று அந்த நேரத்திலும் தோன்றியது. அதன் அடியில் அவரைப் படுக்கவைத்தோம். ஈ மொய்த்தது. தலைவர் தன் பையிலிருந்து ஒரு வெள்ளை வேட்டியை எடுத்துத் தலையோடு காலாகப் போர்த்திவிட்டார்.

பல் டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்தார். "பல்லுன்னா சொல்லுவேன். இருந்தாலும் சொல்றேன், இவருக்குத் தண்ணி உள்ள போகணும். சீக்கிரம் போகணும்" என்றார். மிச்சத்தை அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். காய்ச்சலை மறைத்தாரே என்று அவர்மேல், நிபந்தனை போட்டாரே என்று தலைவர்மேல், தண்ணீரைக் குடித்த மணல்மேல். சுற்றிலும் பார்த்தேன். எவ்வளவு மணல்! நான் பிறந்தது திருமணிமுத்தாற்றங்கரையில். கோடையில் ஆறு காய்ந்து கிடக்கும்போது நாங்கள் மணலில்தான் ஊற்றுப் பறிப்போம். முழங்கை ஆழம் தோண்டினால் ஈரம் தெரியும், இன்னும் கொஞ்சம் தோண்டிவிட்டுக் காத்திருந்தால் தெளிந்த தண்ணீர் ஊறும், கொட்டாங்குச்சியால் அள்ளிக் குடத்தில் ஊற்றுவோம். மணலைப் பார்த்தால் அடியில் தண்ணீர் இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

"பறிங்க" என்றேன். "மணல் இருந்தா அடியில தண்ணி இருக்குமுங்க. ஊத்துப் பறிங்க."

இப்போது நினைத்தால் சிரிப்பாக வருகிறது. ஊர் ஊராகச் சுற்றிய கான்டிராக்டர், படித்த டாக்டர், யாராவது ஒருவர் இது ஆறு இல்லை, பாலைவனம் என்று சொல்லியிருக்க வேண்டாமா? சொல்லவில்லை. எல்லாரும் காவிரி மணலிலும் சரபங்கா ஆற்று மணலிலும் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள். சாப்பாட்டுத் தட்டு, கை, வெல்ல மண்டிக்காரரின் டிபன் கேரியர் மூடி என்று கிடைத்ததை வைத்துத் தோண்டத் தொடங்கினார்கள். தோண்டத் தோண்ட மணல் சரிந்து உள்ளே விழுந்தது, அதனால் குழியை நீளமாக அகலப்படுத்தினார்கள். தலைவர் உள்ளே இறங்கி இடுப்பளவு ஆழத்தில் நின்று வாரிப் போட்டார். மணல் இன்னும் சுட்டுக்கொண்டுதான் இருந்தது. நான் இவர் பக்கத்தில் மண்டிபோட்டு, போர்த்திய வேட்டிக்கு மேல் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தேன்.

அப்போது மேட்டின்மேல் ஓர் ஆடு மேய்ப்பவர் வந்து நின்றார். சிவப்புத் தலைப்பாகை. மண்டிக்காரர் கையைத் தூக்கிக் கூப்பிட்டார். அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார், கையைக் கூப்பினார், பிறகு வந்த வழியே ஓட்டமாக ஓடிவிட்டார். பயந்துவிட்டான் என்றார் ஜவுளிக்காரர். எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. எங்கள் கண்ணுக்கு அது ஊற்று. அவர் கண்ணில் பட்டது தலையோடு கால் வெள்ளைத் துணி மூடிய ஒரு மனிதர், பக்கத்தில் பெண்டாட்டி, ஆள் நீளத்துக்கு ஒரு குழி.

கொஞ்ச நேரத்தில் அவர் திரும்பி வந்தார். கூடவே நாலைந்து பெண்கள், தோள்வரை வெள்ளை வளையல்கள், தலையில் முக்காடு. ஒருத்தி இடுப்பில் பானை. நேராக என்னிடம் வந்தார்கள். வயதில் மூத்தவள் என் முந்தானையை எடுத்து என் தலையில் போட்டாள், இரண்டு கையாலும் என்னைக் கட்டிக்கொண்டாள், தோளில் முகத்தை வைத்து ஓவென்று அழத் தொடங்கினாள். மற்றவர்களும் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். பாஷை ஒரு சொல் புரியவில்லை. ஆனால் அந்தப் பிடி எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் இழவு வீட்டில் ஒருத்தியை ஒருத்தி அப்படித்தான் பிடிப்போம்.

போர்த்திய வேட்டியைத் திரும்பிப் பார்த்தேன். நான் பார்க்காமல் இருந்தபோது போய்விட்டாரா? அவர்கள் பார்த்துத் தெரிந்துகொண்டார்களா? அதுவரை வராத அழுகை மொத்தமும் அப்போது வந்தது. அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அய்யோ சாமி, என்னைய உட்டுட்டுப் போயிட்டீங்களா" என்று கத்தினேன். தலைவர் குழிக்குள் அப்படியே நின்றுவிட்டார்.

மேய்ப்பவர் பானையை வாங்கினார். இவர் முகத்துத் துணியை விலக்கினார். போகிறவருக்குக் கடைசியாக வாயில் விடுகிற தண்ணீர், அதைத்தான் அவர் விட்டார், ஏதோ முணுமுணுத்துக்கொண்டே, உள்ளங்கையால்.

தொண்டை அசைந்தது.

இன்னொரு கை. மறுபடி அசைந்தது. மூன்றாவது முறை இவர் இருமிக்கொண்டே கண்ணைத் திறந்து, பானையைக் கையோடு பிடித்துவிட்டார். பெண்கள் வீறிட்டு எழுந்தார்கள். ஒருத்தி ஆட்டுக் கூட்டத்துக்குள்ளேயே ஓடினாள். என்னைக் கட்டிக்கொண்டிருந்தவள் மட்டும் ஓடவில்லை. இவரைப் பார்த்தாள், குழியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். நானும் அழுதுகொண்டே சிரித்தேன்.

அன்று மாலை அவர்கள் குடிசைகளில் மோர் கொடுத்தார்கள், ரொட்டி கொடுத்தார்கள். பிய்த்து வாயில் போட்டதும் கம்பு என்று தெரிந்தது. எங்கள் வீட்டில் கூழாகக் கரைத்துக் குடிக்கிற அதே கம்பு. இவருக்கு ஏதோ தழையை அரைத்து நெற்றியில் பூசினார்கள். காய்ச்சல் இறங்கும்வரை எங்களைக் கிளம்ப விடவில்லை. தண்ணீருக்கு அந்தப் பெண்கள் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று மறுநாள்தான் பார்த்தேன். போய்வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. முந்தின நாள் அந்தப் பானையைத்தான், செத்துப்போனதாக நினைத்த ஒரு வழிப்போக்கனுக்காகத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறார்கள். கூடமாட ஒரு குடம் சுமக்கப் போனேன், மூத்தவள் பிடுங்கிக்கொண்டாள்.

தலைவர் என்னிடம் வந்து நின்றார். ரயில் விஷயம் என்று தெரிந்துபோயிற்று. மூட்டை கட்டத் தயாராக எழுந்தேன்.

"ஏம்மா, நீங்க என்ன சொன்னீங்க? தோண்டினா தண்ணி வரும்னீங்க. தோண்டினோம், வந்துச்சு. அந்தக் குழியில்லாட்டி அந்த மனுசன் தண்ணியோட வந்திருப்பாரா? உங்களை ரயில் ஏத்திட்டு நான் எங்க போய்த் தண்ணி தேடுவேன்?" என்றார்.

அவருக்கு அன்று நான் சொன்ன நன்றி போதாது. இன்றும் போதாது என்றுதான் நினைக்கிறேன். மணலைக் கடைசிவரை பார்த்துவிட்டுத்தான் திரும்பினோம். கிளம்பும்போது அந்த மூத்தவளைக் கட்டிக்கொண்டு, "போயிட்டு வாரேனுங்க" என்றேன். மறுபடி அங்கே போகவே இல்லை.

ஊர் திரும்பிய மறுவருஷம் மகன் பிறந்தான், பிறகு மகள். வீட்டில் எது தொலைந்தாலும் "உங்கம்மாளைக் கேளுங்க, பறிச்சு எடுத்துக் குடுத்துருவா" என்று இவர் பிள்ளைகளிடம் சொல்லிக் கேலி செய்வார். நான் பொய்க்குக் கோபப்பட்டுக்கொள்வேன்.

அவர் நரைத்து, மூத்து, பேரன் பேத்தியைத் தூக்கிக் கொஞ்சிய பிறகு, எங்கள் வீட்டிலேயே ஒருநாள் கடைசி நேரம் வந்தது. சொந்தமெல்லாம் சுற்றி நின்றார்கள். யாரோ என் கையில் டம்ளரையும் கரண்டியையும் கொடுத்து, வாயில் தண்ணி விடு என்றார்கள். விட்டேன். எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். நான் தொண்டையைப் பார்த்தேன்.

அசையவில்லை. இன்னொரு கரண்டி விட்டேன். பிறகு மகள் என் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டு, முந்தானையை எடுத்து என் தலையில் போட்டு, என்னைக் கட்டிக்கொண்டாள். அன்று அந்தப் பானைத் தண்ணீர் இல்லையென்றால் இவள் பிறந்தே இருக்க மாட்டாள். அவளை அப்படியே இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.