ஒரு பிடி மணல்

நாமக்கல் கோழித்தீவன ஆலைக்கு வரும் கருவாட்டு மூட்டைகளைச் சோதித்து எடுப்பது என் வேலை. இன்று காலை ஒரு மூட்டையைப் பிரித்ததும் எழுந்த வாடையில் நான் பிறந்த கடற்கரை வந்துவிட்டது: கடல் வற்றும் வேளையில் அப்பா வலை இழுப்பதும், அம்மா மேட்டு மணலில் காரல் மீனைப் பரப்புவதும், கொண்டல் காற்று திரும்பி மழை வாசம் அடித்தால் நாங்கள் ஓடிப்போய் வெயிலில் சூடேறிய அந்த மீனைப் பாவாடையில் அள்ளுவதும், அதற்குள் அலை ஏறி எங்கள் காலடிகளை அழித்துவிடுவதுமாக.

அந்தக் கரையை ஒரு விசைப்படகுக்காரன் பிடுங்கிக்கொண்டான். கரையோரம் படகை ஓட்டி எங்கள் வலைகளைக் கிழித்தான். பிறகு மணலைச் சுற்றிக் கருவாட்டுக் களமென்று வேலி போட்டான். கேட்கப்போன அப்பாவிடம், “இது ஒங்கப்பன் வீட்டுச் சொத்தா?” என்றான். நாங்கள் இங்கே கோழிப்பண்ணை வேலைக்கு வந்தோம். கோழிக்கூண்டுகளுக்கு நடுவிலும் காற்றின் திசையைப் பார்த்துப் பார்த்தே அப்பா செத்துப்போனார்.

மூட்டையில் அவன் படகின் பெயர் அச்சாகியிருந்தது. ஒருநாள் இது வரும் என்றுதான் இந்த வேலையில் சேர்ந்தேன். சலித்ததில் ஒரு பிடி மணல் விழுந்தது. மற்றவர் சரக்கென்றால் விட்டிருப்பேன்.

“ஏனுங்கக்கா, இத்துனூண்டு மண்ணுக்கா மொத்த லோடையும் திருப்பறீங்க? சரக்கு மொதலாளிகிட்ட என்னங்க சொல்றது?” என்றார் லோடு கொண்டுவந்த சங்ககிரி லாரி டிரைவர்.

“இந்த ஆலை ஒங்கப்பன் வீட்டுச் சொத்தான்னு கேட்டேன்னு சொல்லுங்க.”

லாரி திரும்பிப் போனது. மணலை மட்டும் நான் திருப்பித் தரவில்லை.