கடைசியாக யாரோடு சண்டை போட்டாய்?

கோம்பைக்குப் பக்கத்தில் ஒரு வாழைக்காய் பேக்கிங் ஷெட்டில் நான் கணக்கு பார்க்கிறேன். முதலாளி ஒரு பெண்மணி. எங்கள் எல்லோருக்கும் அக்கா. வேலைக்கு ஆள் எடுக்கும் நாளில் என்னையும் தன் தம்பியையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வார். ஷெட்டில் பாதி அதிகாரம் அந்தத் தம்பிக்கு. என் அதிகாரம் காபி சொல்லிவிடுவதோடு சரி.

வருகிறவர்கள் ஃபைலை நீட்டுவார்கள். அக்கா புரட்டிப் பார்த்து மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்பார்: "கடைசியா யாரோட சண்ட போட்ட? எப்படி முடிஞ்சுச்சு?"

எனக்கு ஆரம்பத்தில் எரிச்சலாகத்தான் இருந்தது. பெண் பார்க்கப் போன இடத்தில்கூட இப்படிக் கேட்கமாட்டார்கள். போன மாதம் சூப்பர்வைசர் வேலைக்கு வந்த முதல் ஆள், நன்றாகப் படித்தவர், "சண்டையா? நான் வாயில்லாப் பூச்சிங்க" என்றார். காபி கொடுத்து அனுப்பிவிட்டார் அக்கா. அடுத்தவர், பழைய மேனேஜரை ஓட ஓட விரட்டிய கதையை ரசித்து ரசித்துச் சொன்னார். அவருக்கும் காபியோடு சரி.

"இப்படிப் பாத்தா ஆளே கெடைக்காதுக்கா" என்று முணுமுணுத்தேன்.

"நாலு ஊருப் பொம்பளைக வேல பாக்குற எடம். சண்ட வராமலா இருக்கும்?" என்றார் அக்கா.

மூன்றாவதாக வந்தது பக்கத்து ஊர்ப் பெண். புருஷன் லாரியில் வடக்கே போய்விடுவார். இந்த வேலை கிடைக்காவிட்டால் மகளைச் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போக வேண்டும் என்று உட்கார்ந்ததுமே சொல்லிவிட்டார். அவர் கண் அடிக்கடி தம்பி பக்கம் போனது. தம்பியோ செல்போனைவிட்டு நிமிரவே இல்லை.

அக்கா தன் கேள்வியைக் கேட்டார்.

"காலையிலதான் போட்டேன்க்கா, வெளிய காத்திருக்கையில. இந்தா, இவுகளோடதான்."

தம்பியின் முகம் சிவந்துவிட்டது.

"எதுக்கு?"

"காய் கழுவுற தொட்டித் தண்ணியில கெடந்த வாழச் சீப்ப மோதிரக் கையோட அள்ளுனாக. மோதிரம் கீறுனா இன்னைக்குத் தெரியாது. போய்ச் சேருற எடத்துல பெட்டியத் தொறந்தா கருத்து நிக்கும். அதான் சத்தம் போட்டேன். மொதலாளி வீட்டு ஆளுன்னு தெரியாது." தம்பியை ஒரு பார்வை பார்த்தார். "தெரிஞ்சிருந்தாலும் சொல்லியிருப்பேன். மெதுவாச் சொல்லியிருப்பேன்."

மோதிரம், வளையல் எதுவும் கூடாது என்பது அக்கா போட்ட சட்டம்தான். தம்பிக்கு மட்டும் விலக்கு. அது ராசிக்கல் மோதிரம். பூனைக்கு மணி கட்ட இதுவரை எங்களில் ஒருத்தரும் துணியவில்லை.

"கழட்டுறதுக்கு இல்ல. கழட்டுனா ஆகாதுன்னு ஜோசியர் சொல்லியிருக்காக" என்றார் தம்பி முறைப்பாக.

வேலை போச்சு என்றுதான் நினைத்தேன். அந்தப் பெண்ணும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும்; கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஆனால் வாய் அடங்கவில்லை.

"அப்பக் கழட்ட வேணாம்ணே. தொட்டிய நாங்க பாத்துக்கிறோம். நீங்க லாரியில பெட்டி ஏத்துற எடத்துல நில்லுங்க. அங்கன உங்க சத்தந்தான் வேணும். நாங்க கத்துனா டிரைவருக திரும்பியாச்சும் பாப்பாகளா?"

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

அக்கா இத்தனை நாளாக எந்த ஆளைத் தேடினார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. சொல்ல வேண்டியதை விட்டுக்கொடுக்கவும் கூடாது, எதிரே நிற்பவர் தலைகுனியவும் கூடாது. இது எந்த ஃபைலில் எழுதியிருக்கும்? அந்தப் பெண்ணைப் பார்க்கவும் பெருமையாக இருந்தது, அக்காவைப் பார்க்கவும் பெருமையாக இருந்தது.

அக்கா தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி மோதிரத்தைத் திருகியபடி அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

"நாளைக்கு எத்தன மணிக்கு வருவ?"

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

"புள்ளைய ஸ்கூல் வேன்ல ஏத்திவிட்டுட்டு வந்துருறேண்ணே."