இனியாவின் நாக்கும் சுசீலாவின் நேர்த்திக்கடனும்

சிங்கப்பூரில் முருகனுக்குப் பக்தர்கள் எத்தனையோ பேர். எங்கள் குடும்பத்தில் மட்டும் அவருக்கு ஒரு மேனேஜர் இருக்கிறார். பெயர் மாணிக்கம். என் தம்பி மனைவி சுசீலாவின் அண்ணன். சுவா சூ காங்கில் வீடு, கையில் ஒலிபெருக்கி, நாக்கு நுனியில் எப்போதும் ஓர் அறிவுரை. தைப்பூசத்தில் காவடிக்காரர்களுடன் கூச்சலிட்டுக்கொண்டு நடக்க ஒரு குழு வைத்திருக்கிறார், 'வீரவேல் பாய்ஸ்' என்று. பாய்ஸில் இளையவருக்கு நாற்பத்தெட்டு வயது. ஆண்டுதோறும் மஞ்சள் டீ-ஷர்ட் அடிப்பார்கள். அதன் முதுகில் வேல் இருக்கும். வேலுக்குப் பக்கத்தில், வேலைவிடச் சற்றுப் பெரிதாக, மாணிக்கத்தின் முகம் இருக்கும்.

நான் சொல்ல வந்தது அவர் கதை இல்லை. என் தம்பி மகள் இனியாவின் கதை. ஆனால் மாணிக்கம் இருக்கிற வீட்டில் இன்னொருவர் கதையை நேராகச் சொல்லிவிட முடியாது. கதவைத் திறந்தால் முதலில் அவர்தான் உள்ளே வருவார்.

இனியா புக்கிட் பாத்தோக்கில் பதினோராவது மாடியில் வளர்ந்தவள். அப்பாவைப்போலவே பேச்சு குறைவு. என் தம்பி ராஜீவ் ஒரு வாயில்லாப் பூச்சி. எங்கள் வீட்டுக்கு வந்த வாய் மொத்தத்தையும் நானே எடுத்துக்கொண்டேன் என்று சொல்வார்கள். இருக்கலாம். அந்தப் பெண்ணுக்கு எட்டு வயதிலிருந்தே சாமிப் பித்து. யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை. வெள்ளிக்கிழமையானால் ரயில் மாறி லிட்டில் இந்தியா போய்க் கோயிலில் நின்றுவிட்டு வருவாள். பரீட்சை, காய்ச்சல், மழை எதுவும் அவளைத் தடுத்ததில்லை. எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. ஒருநாள் வம்புக்கென்றே கேட்டேன், "அப்படி என்னடி வேண்டிக்கிறே?"

"ஒண்ணும் இல்ல அத்தை. சும்மா பாத்துட்டு வருவேன்."

இப்படிப்பட்ட பக்தியைக் கிண்டல் செய்ய வழியே கிடையாது. எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல்தான்.

உயர்நிலைப் பள்ளியில் அவள் சேர ஆசைப்பட்டது நடனக் குழுவில். இடம் இல்லையென்று பேண்ட் குழுவில் தள்ளிவிட்டார்கள். அங்கேயும் டிரம்பெட்டையும் டிரம்மையும் மற்றவர்கள் பிடுங்கிக்கொண்டார்கள். யாருக்கும் வேண்டாமென்று மிஞ்சிக் கிடந்தது பிரெஞ்சு ஹார்ன். பித்தளைக் குழாயைக் கைமுறுக்குப்போலச் சுற்றி வைத்திருப்பார்களே, அது. அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்று மாணிக்கம் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. "பேண்டா? கல்யாணத்துக்கா, கருமாதிக்கா?"

ஆண்டுதோறும் பள்ளிக் கச்சேரிக்கு எங்கள் எல்லாருக்கும் டிக்கெட் கொண்டுவந்து கொடுத்தாள். மாணிக்கத்துக்கு அன்று குழுக் கூட்டம் இருக்கும். சுசீலாவுக்குத் தலைவலி. ராஜீவுக்கு ஷிப்ட். எனக்கும் கிளினிக்கில் வேலை. நாலு வருடம் கொடுத்துப் பார்த்தாள். பிறகு கொடுப்பதை நிறுத்திக்கொண்டாள். நாங்கள் அதைக் கவனித்ததாக எனக்கு நினைவில்லை.

பாலிடெக்னிக் முடித்து, பாசிர் ரிஸ்ஸில் ஒரு சரக்கு அலுவலகத்தில் இரண்டு வருடம் வேலை செய்துவிட்டு, ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னாள். "ஆர்மி பேண்டுக்கு அப்ளை பண்ணியிருக்கேன். சைன் ஆன் பண்ணி நிரந்தரமாச் சேரப் போறேன்." 'ஆர்மி' என்ற சொல் விழுந்ததும் கருமாதி பேண்ட் கௌரவமாகிவிட்டது. "என் மருமக பட்டாளத்துல!" என்று மாணிக்கம் தேக்கா சந்தை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். காய்கறி விற்பவர்களுக்குக்கூடத் தெரிந்துவிட்டது. அவள் வாசிக்கும் கருவியின் பெயர் மட்டும் கடைசிவரை அவருக்குத் தெரியாது.

அவள் ஆடிஷனுக்குப் போன காலையில் சுசீலா சமையலறை முருகன் படத்தின் முன் நின்று ஒரு வேண்டுதல் வைத்தாள். மகளுக்கு இடம் கிடைத்தால், தைப்பூசத்தன்று மகளின் நாக்கில் அலகு குத்தி, சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை நடக்க வைக்கிறேன் என்று. தன் நாக்கில் அல்ல, மகளின் நாக்கில். வேண்டிக்கொள்வது ஒருத்தி, குத்திக்கொள்வது இன்னொருத்தி. இந்த நியாயம் முருகனுக்கே விளங்கியிருக்காது.

இடம் கிடைத்தது. அந்த ஆண்டுத் தைப்பூசம் வந்தபோது இனியா அடிப்படைப் பயிற்சியில் சேற்றில் உருண்டுகொண்டிருந்தாள். கடன் தள்ளிப்போனது. அதற்குப் பிறகு சுசீலா குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். "முருகன் கேக்கறாரு. இனிமேலும் தள்ளினா ரத்தம் காட்டுவாரு" என்று மாணிக்கம் தீர்ப்புச் சொன்னார். அந்தத் தரையில் சோப்பு நுரை கிடந்ததை நானே பார்த்தேன். சோப்புக்கும் முருகனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். என்னை முறைத்தார்கள்.

அடுத்த ஜனவரி தொடக்கத்தில் இனியா என் கிளினிக்குக்கு வந்தாள். நான் பல் மருத்துவர் ஒருவரிடம் இருபத்தாறு வருடமாக உதவியாளராக இருக்கிறேன். ஊரார் வாய்க்குள் பார்த்தே வயிறு வளர்த்தவள். கடைசி நோயாளி போகும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுக் கேட்டாள்.

"அத்தை, நாக்குல ஓட்டை போட்டா எத்தனை நாள்ல ஆறும்?"

"ஆளைப் பொறுத்தது. மூணு நாலு நாள் வீக்கம் இருக்கலாம். புண்ணு ஆற ஒரு வாரம், பத்து நாள்கூட ஆகலாம். ஏன் கேக்கறே?"

"தைப்பூசம் முடிஞ்சு அஞ்சாவது நாள் எனக்கு ஃபைனல் டெஸ்ட். பாஸானா பேண்ட். இல்லன்னா வேற வேலைக்கு மாத்திடுவாங்க, ஆபீஸ்ல."

"அதுக்கு நாக்கு எதுக்கு? ஊதறது உதடுதானே?"

சிரித்தாள். வாயைத் திறந்து காட்டினாள். "ஒவ்வொரு நோட்டையும் நாக்குதான் அத்தை ஸ்டார்ட் பண்ணும். து, து, து-ன்னு. டெஸ்ட்ல ஒரு இடம் ரொம்ப ஃபாஸ்ட். நாக்கு கொஞ்சம் தடிச்சாலும் எல்லாம் குழம்பிடும்."

"அப்ப அம்மாகிட்ட முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சாமிகிட்ட சொன்ன சொல்லு அத்தை. அம்மா சொன்னா என்ன, நான் சொன்னா என்ன." பிறகு, "ஆனா எனக்கு வாசிக்கணும் அத்தை" என்றாள். கண் கலங்கிவிட்டது. எட்டு வயதிலிருந்து எதையுமே கேட்காத பெண் அவள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை புக்கிட் பாத்தோக் வீட்டில் பஞ்சாயத்தைக் கூட்டினேன். தைப்பூசத்துக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது. மாணிக்கம் குழு டீ-ஷர்ட்டிலேயே வந்திருந்தார்.

"அக்கா, பக்தி இருந்தா வலிக்காது, வீங்காது லா. ரத்தமே வராது. அன்னைக்கே காரமா லக்சா சாப்பிடலாம். நான் எத்தனை பேரைப் பாத்திருக்கேன்."

"பாத்தது இருக்கட்டும். நீ எத்தனை தடவை குத்தியிருக்கே?"

அவர் தொண்டையைச் செருமினார். "நான் ஆர்கனைசர் அக்கா."

இருபது வருடமாக வேல் வேல் என்று ஊரைக் கூட்டியவர் உடம்பில் ஒரு குண்டூசிகூட ஏறியதில்லை என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. ராஜீவ்கூட நிமிர்ந்து பார்த்தான்.

"சரி, உனக்கு ஆறு வருஷத்துக்கு முன்னாடி சிறுநீரகத்துல கல்லு வந்துச்சே, அதுக்கு வேண்டிக்கிட்டது யாரு?"

"நான்தான்."

"பால்குடம் எடுத்தது?"

மாணிக்கம் மெதுவாக ராஜீவைக் காட்டினார். அன்று அவருக்குக் கால் வலி. என் தம்பிதான் மச்சான் கல்லுக்காக வெயிலில் நடந்தான்.

"முருகன் ஏத்துக்கிட்டாரா? கல்லு கரைஞ்சுதா?"

"கரைஞ்சுது..."

"அப்ப ஒருத்தர் கடனை சொந்தக்காரங்க இன்னொருத்தர் தீர்க்கலாம். தாய்மாமன் நீ இருக்கே. மருமக காதுகுத்துக்கு மடியில வச்சுக்கிட்டவன், அவளுக்காக நாக்கை நீட்டு."

அந்த மனிதருக்கு அன்று வந்த நோய்களை எந்த ஆஸ்பத்திரியும் பார்த்திருக்காது. பிரஷர் மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை, பழைய முதுகு வலி. அதோடு, அவர் குத்திக்கொண்டால் குழுவை யார் பார்த்துக்கொள்வது? சுசீலாவுக்கு நீரிழிவு, டாக்டர் விடமாட்டார். ராஜீவ் வாயைத் திறந்தான். சுசீலா அவனைப் பார்த்தாள். மூடிக்கொண்டான். பிறகு அவள் என்னிடம் திரும்பினாள்.

"எல்லாரையும் சொல்றீங்களே அண்ணி, நீங்க குத்திப்பீங்களா? சாமி கும்பிட மாட்டீங்க, விரதம் இருக்க மாட்டீங்க. மத்தவங்களைப் பேச மட்டும் நாக்கு இருக்கு."

"குத்திக்கிறேன்" என்றேன்.

கோபத்தில் வந்த சொல். பக்தியும் இல்லை, பாசமும் இல்லை, வீம்புதான். ஆனால் சொல்லியாகிவிட்டது. மாணிக்கத்தின் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்தபிறகு பின்வாங்க எனக்கு மானம் இடம்கொடுக்கவில்லை.

இனியாதான் ஒத்துக்கொள்ளவில்லை. வாசல்வரை வந்து, "நம்பாம குத்திக்கிறது தப்பு அத்தை" என்றாள். ரொம்ப நேரம் பேசினோம். கடைசியில் நிபந்தனை போட்டாள். இருபத்தோரு நாள் முழு விரதம். மீன் கூடாது, முட்டை கூடாது. "இன்னொண்ணு. யாரையும் திட்டக் கூடாது. மனசுக்குள்ளகூட."

மீன் தலைக் கறி இல்லாமல் மூன்று வாரம் இருந்துவிடலாம். இருந்தேன். தவ்ஹூ கட்டியையும் தவ்கே முளைப்பயறையும் தின்று நாக்கு செத்தது. ஆனால் மாணிக்கம் தினமும் காலையில் அனுப்பிய வாட்ஸப் அருள்வாக்குகளைப் படித்துவிட்டு ஒன்றும் நினைக்காமல் இருப்பது, அப்பப்பா, அதைச் செய்தவர்கள்தான் சித்தர்கள். நான் பலநாள் தோற்றேன். தோற்ற நாளில் இனியாவுக்குச் செய்தி அனுப்புவேன். 'பரவால்ல அத்தை, நாளைக்கு டிரை பண்ணுங்க' என்று கேம்ப்பிலிருந்து பதில் வரும்.

தைப்பூசக் காலை பெருமாள் கோயிலில் என் நாக்கை வெளியே இழுத்துப் பிடித்தபோது எனக்குப் பயம் தவிர ஒன்றும் தோன்றவில்லை. சுற்றி எல்லாரும் அரோகரா என்றார்கள். எதிரே இனியா கண்ணை மூடி நின்றாள். வலித்தது. வலிக்காது என்று சொன்னவனை என்னிடம் கொண்டுவாருங்கள் என்று கத்தத் தோன்றியது. கத்த நாக்கு இல்லை. வேல் குறுக்கே நின்றது.

டேங்க் ரோடு வரை பால்குடத்துடன் நடந்தேன். வலி கொஞ்ச தூரத்தில் மரத்துவிட்டது. மரக்காதது மாணிக்கம். ஒலிபெருக்கியோடு என் பக்கத்திலேயே வந்து, "அக்கா, மெதுவா நடங்க! அக்கா, முருகனை நினைங்க! அப்பவே சொன்னேன்ல, வலிக்காதுன்னு!" என்று வழியெல்லாம் அறிவித்தார். இத்தனை வருடப் பழக்கத்தில் முதல்முறையாக அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. என் நேர்த்திக்கடன் என்று ஏதாவது இருந்தால் அது அதுதான். இன்னொரு பக்கம் இனியா என் செருப்பைச் சுமந்துகொண்டு வெறுங்காலில் வந்தாள். அவள் இடதுகை விரல்கள் தொடையில் ஹார்னின் பொத்தான்களை அழுத்திக்கொண்டே வந்தன. நான் பார்ப்பது அவளுக்குத் தெரியாது.

ஐந்து நாள் கழித்து சாயங்காலம் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். சீருடையோடு, தோளில் ஹார்ன் பெட்டியோடு. தொப்பியைக் கழற்றினாள். நெற்றியின் மேல்விளிம்பில், தொப்பி மறைக்கிற இடத்தில், ஒரு கீற்றுத் திருநீறு.

"பாஸ், அத்தை."

அதற்குள் மாணிக்கம் ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டார்: 'வீரவேல் பாய்ஸின் வேண்டுதல் பலித்தது.' அவருடைய படம், இரண்டு விரலை உயர்த்திக்கொண்டு. அதைக் காட்டி நான் ஆரம்பித்தேன். நாக்கு இன்னும் தடித்திருந்தது, சொற்கள் குழறின. ஆனாலும் இருபத்தோரு நாள் பாக்கி நெஞ்சில் இருந்ததே, விடுவேனா? சுசீலா, மாணிக்கம், பாய்ஸ், ஒருவரையும் விடவில்லை. உன்னை அந்தக் கூட்டத்தில் ஒருவராவது ஒருநாளாவது மதித்தார்களா என்று முடித்தேன்.

இனியா பொறுமையாகக் கேட்டாள். பிறகு, கோபமே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பியவள்போலக் கேட்டாள்.

"அத்தை, நீங்ககூட நான் வாசிச்சு ஒரு தடவையும் கேட்டதில்லையே. கேட்காத ஒண்ணுக்காகவா குத்திக்கிட்டீங்க?"

நாலு வருட டிக்கெட்டும் நினைவுக்கு வந்தது. கிளினிக்கில் அப்படியொன்றும் வேலை இருந்ததில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. மாணிக்கத்துக்கும் எனக்கும் நடுவே நான் நினைத்த அளவுக்குத் தூரம் இல்லை.

"இப்ப வாசி" என்றேன்.

"பக்கத்து வீட்டுல ஏசுவாங்க அத்தை."

"ஏசட்டும். நான் பாத்துக்கிறேன்."

ஜன்னலைச் சாத்தினேன். அவள் பெட்டியைத் திறந்து, நாற்காலி நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தேர்வில் வேகமாக வரும் அந்த இடத்தை வாசித்தாள். நான் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். அவள் ஒவ்வொரு சுரத்தைத் தொடங்கும்போதும் என் வாய்க்குள் என் நாக்கும் தானாக அசைந்தது. அசைந்தபோதெல்லாம் புண் இருந்த இடம் வலித்தது.

முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னொரு தடவை" என்றேன்.