பேனாவை நிறுத்தாதீர்கள்

கவிதை படிப்பிக்கிறது ஒரு தொழிலோ என்று கேட்பீர்கள். ஓம், தொழில்தான், அதுவும் ஆள் சேராவிட்டால் பறிபோகிற தொழில். எழுபதுகளில் மெல்பேர்னில், சனிக்கிழமைக் காலைகளில், வளர்ந்தவர்களுக்குப் பிரெஞ்சு சர்ரியலிசக் கவிதை படிப்பித்தனான். வந்தது ஒன்பது பேர். பத்துக்குக் குறைந்தால் வகுப்பை மூடலாம் என்பது விதி. வகுப்பெடுத்துப் பட்டவர்களுக்கு என் பாடு விளங்கும்.

தொடக்கம்

முதலாம் உலக யுத்தத்தில் மனம் பேதலித்த சிப்பாய்களைப் பார்த்த இளம் டொக்டர்மார் சிலர், அவர்கள் பிதற்றினதைக் காதுகொடுத்துக் கேட்டார்கள். புத்தி குறுக்கே வராத பேச்சிலும் கவிதை இருக்கென்று கண்டார்கள். சர்ரியலிசத்தின் ஒரு வேர் அங்கேதான் என்று உருக்கமாகச் சொன்னேன். முன்வரிசையிலிருந்த நேர்ஸ் மொறீன் கையை உயர்த்தினா: “எங்கட வார்டில தினமும் கேக்கிறனான். கவிதை எண்டு தெரியாமல் ஊசி போட்டிட்டன்.”

மடித்த தாள்

ஒருவர் ஒரு வரி எழுதி, தாளை மடித்து அடுத்தவரிடம் கொடுப்பார். அவர் முன்வரியைப் பாராமல் தன் வரியை எழுத வேண்டும். சர்ரியலிசக் கவிஞர்கள் விளையாடிய விளையாட்டு இது. நோபிள் பார்க் என்ற புறநகரில் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்த யாழ்ப்பாணத்து ஆக்களிடமும் ஆசையாய்க் கொடுத்துப் பார்த்தேன். விரித்தால், கடவுளே, கலியாணக் கடிதம் மாதிரி ஒரு பிசகில்லாமல் ஒழுங்காய் நிற்குது! எல்லாரும் மேசைக்குக் கீழே பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கினம். முதல் கள்ளி என் மனைவி. கேட்டதற்கு அவ சொன்னா: “மற்றாக்கள் என்ன சொல்லியிருக்கினம் எண்டு பாராமல் நான் எப்பிடியப்பா வாய் திறக்கிறது?”

படிவத்தோடு வந்தவர்

வகுப்பை வைத்திருப்பதா மூடுவதா என்று பார்க்க ஒரு அதிகாரி வந்தார். கழுத்தில் டை, கையில் படிவம். இதனால் என்ன பயன் என்று கேட்பாரென்று, ஓவியம், சினிமா, விளம்பரம் என இந்தக் கவிதை போய்த் தொட்ட அத்தனையையும் பாடமாக்கி வைத்திருந்தேன். அவர் வந்த நேரமோ, நாங்கள் மனம் போனபடி எழுதிக்கொண்டிருந்தோம்: பத்து நிமிடத்துக்கு யோசிக்கவும் கூடாது, பேனாவை நிறுத்தவும் கூடாது. “குட் மோர்னிங்” என்றார். ஒருவரும் நிமிரவில்லை. வேலை போச்சு! எழுதிக்கொண்டே ஒரு தாளை அவர் பக்கம் தள்ளினேன்.

மனிசன் படிவத்தை மேசையில் வைத்தார். பிறகு கதிரையை இழுத்துப்போட்டு எழுதத் தொடங்கினார். நேரம் முடிந்து நாங்கள் நிறுத்தியும் அவர் நிறுத்தவில்லை. கடைசியில் தாளை நாலாய் மடித்துக் கோட்டுக்குள் வைத்தார், படிவத்தில் கையெழுத்துப் போட்டார், வாசலில் நின்று மெல்லச் சொன்னார்: “ஒன்பது பேர் காணும், நடத்துங்கோ. நான் எழுதினது என்னெண்டு மட்டும் ஒருத்தரும் கேக்கக் கூடாது.”

அதிகாரத்தை நக்கலடித்தே வளர்ந்த கவிதை, என் வகுப்பில் ஒரு அதிகாரியின் கையெழுத்தால்தான் பிழைத்துக்கொண்டது.