அரிசி டிரம்மிலிருந்து மலைக்குப் போன ஒயின்

காலை ஆறே முக்காலுக்குக் கள்ளக்குறிச்சியில் கரியாலூர் பஸ் ஏறியபோது என் மடியில் ஈரத் துண்டு சுற்றிய துணிப்பை ஒன்று இருந்தது. உள்ளே ஒயின் பாட்டில். கணக்கு டீச்சர் கையில் ஒயினா என்று வாயைப் பிளக்காதீர்கள், சொல்கிறேன்.

என் மகள் கயல் நாசிக்கில் ஒயின் தயாரிப்பு படித்து அங்கேயே வேலை பார்க்கிறாள். "வெளிய தல காட்ட முடியல" என்று அவள் அப்பா அவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். போன பொங்கலுக்கு வந்தவள், தன் கையால் செய்த முதல் ஒயினை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். இவர் அவள் பெயர் போட்டிருந்த அந்த லேபிளையே வெகுநேரம் பார்த்தார். "அடுத்த பொங்கலுக்கு அவ வரட்டும், தொறக்கலாம்" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த ஒயின் கெடவே கூடாது.

இருட்டாக, ஆடாமல் இருக்கட்டும் என்று அரிசி டிரம்மில் நட்டுக்குத்தலாகப் புதைத்தேன். சித்திரையில் அதே டிரம்மில் மாங்காய்களையும் போட்டேன். அவை பழுத்து மணந்தபோதுதான் உறைத்தது. மாங்காய் பழுக்கிற சூட்டிலா ஒயினை வைப்பார்கள்? எடுத்துப் பார்த்தால் கார்க் ஒரு நூல் மேலே எழும்பியிருந்தது. கயலிடம் கேட்க வெட்கம், இவரிடம் சொல்லப் பயம். மலைமேல் இருக்கும் கரியாலூரில் என் பழைய சக ஆசிரியை வள்ளியின் வீடு குளுகுளுவென்று இருக்கும். அங்கே வைத்துவிடலாம் என்று கிளம்பிவிட்டேன்.

"டீச்சர், பைய மேல வெச்சிடுங்களேன்" என்றார் கண்டக்டர்.

"வேணாம்பா, ஒடஞ்சிடும்."

"ஊறுகாயா?"

"ஆமா."

பெண்களுக்கு டிக்கெட் இலவசம். பாட்டிலுக்கும் கேட்கவில்லை.

ஏறக்குறைய பதினாறு கிலோமீட்டரில் கச்சிராயபாளையம். டீ பன்னிரண்டு ரூபாய், சர்க்கரை ஜாஸ்தி. கரும்பு வயல்களும் கோமுகி அணையும் பின்னால் போக, மலை ஏறத் தொடங்கியது. ஒவ்வொரு வளைவிலும் பாட்டில் குலுங்க, நான் டிரைவரை மனதுக்குள் திட்டினேன். மேலே போகப் போகக் காற்று சில்லென்று முகத்தில் பட்டது. திட்டுவதை நிறுத்தினேன்.

ஒன்பதரைக்கு வள்ளி வீடு. தடித்த மண்சுவர், உள்ளறையில் வெயிலே எட்டிப் பார்க்காது. இதுதான் இடம் என்று பை முடிச்சை அவிழ்த்தேன். முற்றத்தில் மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்த வள்ளியின் கணவர் நிமிர்ந்தார்.

"அக்கா, குடிய வுட்டுட்டேன் தெரியுமா? ஆறு மாசம் ஆவுது. இப்ப பாட்டில கண்டாலே வேற பக்கம் திரும்பிக்கினு போயிடறேன்."

பக்கத்தில் நின்ற வள்ளியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அப்படி ஒரு பூரிப்பு. நான் அவிழ்த்த முடிச்சை மறுபடி போட்டேன்.

மதியச் சாப்பாடு முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது வள்ளியிடம் உண்மையைச் சொன்னேன். என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "நல்ல வேள டீச்சர், அவுரு கண்ணுல காட்டாம எடுத்துக்கினு போறீங்க." இறங்கும் வழியெல்லாம் வெக்கை ஏற ஏற, பாவி, பாட்டிலை இரண்டு முறை குலுக்கியதுதான் மிச்சம் என்று என்னையே நொந்துகொண்டு வந்தேன்.

மாலை ஐந்தரைக்கு வீடு. மாடிப்படிக்கு அடியில் இவர் கை நிறைய மணலோடு உட்கார்ந்திருந்தார். எதிரே பெரிய மண்தொட்டி, அது நிறைய ஈர மணல், அதில் படுக்க வைத்துப் புதைத்த ஒரு பானை.

"எங்கடி போயிட்ட? மாம்பழம் எடுக்கலாம்னு டிரம்முல கைய வுட்டா பாட்டில காணோம். பயந்து பூட்டேன்."

"இன்னாங்க இது?"

"நீதான் எடுத்திருப்பன்னு தோணிச்சி. எப்படி வெக்கணும்னு கயலுக்கு போன் போட்டுக் கேட்டேன். படுக்க வெக்கணுமாம், அப்பத்தான் கார்க் காயாதாம். வெளிச்சம் படக்கூடாது, ஆட்டக்கூடாது, சூடு ஏறி எறங்கக்கூடாதாம். அரிசி டிரம்முன்னதும் அப்படிச் சிரிச்சா!"

"நீங்களா போன் போட்டீங்க?"

"பின்ன? அவதான படிச்சவ."

பாட்டிலைக் கொடுத்தேன். எழும்பிய கார்க்கை விரலால் தடவினார். "கார்க் எழும்பினாலும் கசியலன்னா பரவால்லன்னு கயல் சொன்னா" என்று சொல்லி, தொட்டிலில் பிள்ளையைப் போடுவதுபோல் பானைக்குள் படுக்க வைத்தார்.

கரியாலூர்க் குளிர் எங்கள் மாடிப்படிக்கு அடியில் வராது. ஆனாலும் கை விட்டுப் பார்த்தால் பானை சில்லென்றுதான் இருக்கிறது. இவர் தினமும் காலையில் மணலுக்குத் தண்ணீர் தெளிக்கிறார். தெளித்த கையோடு போனை எடுக்கிறார்.

"தண்ணி ஊத்திட்டேம்மா" என்கிறார். அப்புறம் அரை மணி நேரம் இருவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.